பாதிப் பாயில் தூங்கின சம்மனசு

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா. கடலோர ஊரு. பேரு மெற்றில்டா, வயசு பதினாறு. அவ படுக்கும்போது பாதிப் பாயைக் காலியா விட்டுட்டு, சுவரோரமா ஒடுங்கித்தான் படுப்பா. ஏன் சொல்லு?

மடத்துப் பள்ளிக்கூடத்துல சிஸ்டர் சொல்லிக் குடுத்தது அப்படி. ஒவ்வொரு பிள்ளைக்கும் வெள்ளை இறக்கையோட ஒரு காவல் சம்மனசு உண்டு, ராத்திரி பூரா பக்கத்துல உக்காந்திருக்கும், அதுக்கு இடம் விடணும்னு. மத்தப் பிள்ளைங்க கொஞ்சூண்டு இடம் விடுவாங்க. இவ பாதிப் பாயை விட்டா. தலையணையும் போட்டா. "எந்நேரமும் முழிச்சிருந்தா கண்ணு எரியாதா? படுங்க சம்மனசே"ன்னு போர்வையை வேற இழுத்து விட்டா.

ம் சொல்லு. ம்.

சம்மனசுங்க தூங்கவே தூங்காது. ஆனா இதுக்குத் தூக்கம் பழகிருச்சு. குர்ர்ர்... குர்ர்ர்...

அப்புறம் மெற்றில்டாவுக்குக் காய்ச்சல் வந்துது. உடம்பு அனலாக் கொதிக்குது. அவ அம்மா ரோசம்மா ஈரத்துணி போட்டுப் போட்டுப் பாக்குறா, இறங்கல. ஒரு மத்தியானம், வெயில் சுவர்ல ஊர்ந்துக்கிட்டு இருக்கும்போது, மெற்றில்டா உடம்பைப் பாயிலேயே விட்டுட்டு இலவம்பஞ்சு மாதிரி மேல போயிட்டா. கூரையைத் தாண்டி, தென்னையைத் தாண்டி, மேகத்தைத் தாண்டி... அங்க ஒரு கடல். தண்ணி இல்ல, எல்லாம் வெளிச்சம். சலக் சலக்னு வெளிச்சம் அலையடிக்குது. கரையில பெரிய மோட்சக் கதவு.

டொக் டொக் டொக்.

சாவிக்காரத் தாத்தா எட்டிப் பாத்தார். "எங்க உன் சம்மனசு?"

"தூங்குது தாத்தா."

"சம்மனசு தூங்குமாம்! யார்கிட்ட கதை விடுற?"

"நெசமாத்தான். குறட்டை கூட விடும்."

"அது கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வராம யாரையும் உள்ள விட மாட்டேன். போய் எழுப்பிக் கூட்டிட்டு வா."

அப்போ கதவிடுக்குல பாத்தா, அவ அப்பா இன்னாசி! இவ சின்னதா இருக்கும்போது கடலுக்குப் போனவர், திரும்பி வராதவர். அங்க உக்காந்து வலை தச்சுக்கிட்டு இருக்கார்.

"அப்பா! இந்தா வந்துருதேன்!"

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் சிரிப்பு நின்னுபோச்சு. "ஏ மக்கா, ஒங்கம்மா கூட யாரு இருக்கா?"

சம்மனசை எழுப்ப அவ கீழ இறங்கிட்டா.

சம்மனசு இறக்கையை விரிச்சுப் போட்டுத் தூங்குது. இறகுல ஒண்ணை எடுத்து அதோட உள்ளங்கால்ல கிச்சுக்கிச்சு மூட்டினா. அசையல. காதுகிட்டப் போயி, "சம்மனசே! நேரமாச்சு!"ன்னா. ம்ம்ம்னு முனகிட்டுத் திரும்பிப் படுத்துது. அப்போ மாதா சுருவத்துக்கிட்ட இருந்த பூசை மணியை எடுத்தா. அது அடிச்சா எந்தச் சம்மனசும் எழும்பிரும், தெரியுமா? கையை ஓங்கிட்டா.

அப்போதான் அம்மாவைப் பாத்தா. வெறுந்தரையில குத்துக்கால் வச்சு உக்காந்திருக்கா. பாய்ல பாதி காலியாத்தான் கிடக்கு, ஆனா அவ ஏறி உக்காரல. "அந்தப் பக்கம் உக்காராதீங்கம்மா, ஆள் இருக்கு"ன்னு மக சொல்லியிருந்தாளே, அதான். அந்தக் காலி இடத்தைப் பாத்து ரோசம்மா மெல்ல சொன்னா: "சம்மனசே, அசதியா இருந்தா நீ தூங்கு. எம் பிள்ளையை மட்டும் எங்கயும் கூட்டிட்டுப் போயிராத."

மெற்றில்டா மணி நாக்கைப் பொத்திப் பிடிச்சா. கிணுங்னு கூடக் கேக்கல. மெதுவா, மெதுவா அதை இருந்த இடத்துல வச்சா. அப்புறம் சுவரோரமா, தன்னோட பாதியில, தன்னோட உடம்புக்குள்ளயே போய்ப் படுத்துக்கிட்டா.

"யம்மா... தண்ணி."

ரோசம்மா நெத்தியைத் தொட்டுப் பாத்தா. வேர்த்திருக்கு. சில்லுன்னு இருக்கு.

மேல தாத்தா கேட்டாராம், "என்ன இன்னாசி, உன் மவளை இன்னும் காணோம்?" "சம்மனசு தூங்குது சாமி, எழுப்ப வேண்டாம்"னுட்டு அவர் மறுபடி வலையை எடுத்துக்கிட்டாராம்.

கதை அவ்வளவுதான். நெத்தியைக் காட்டு. ம். இப்போ சுவரோரமா தள்ளிப் படு, கண்ணு. இன்னும் தள்ளி. ஷ்ஷ்... பக்கத்துல ஆள் தூங்குது.