பிச்சைத் தண்ணீர்

மேல் மாநிலத்துக்காரர்கள் அணையைச் சாத்தி இருபத்தாறு நாள் ஆகிவிட்டது. கீழ் மாநிலத்து வீரணனுக்கு வயிறெல்லாம் எரிந்தது.

வீரணன் மாவலூர் வாய்க்காலுக்கு நீர்க்கட்டி. எல்லைப் பாலத்தை ஒட்டி ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற தலைமடையில் பலகையைத் தூக்குவதும் இறக்குவதும், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று பிரித்து விடுவதும் அவன் வேலை. ஊராரின் நானூறு ஏக்கரிலும் நெல் தொண்டைக்கதிராய் நிற்கிறது. நாலு நாளில் ஒரு நனைப்புக் கிடைத்தால் கதிர் வெளியே வரும். இல்லையென்றால் அத்தனையும் பதர்.

எல்லைப் பாலத்துப் போராட்டப் பந்தலில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், பாலத்துக்கடியில் இருக்கிற ஓடக்காரச் சாமியின் குடிசைக்குள் விறுவிறுவென்று நுழைந்தான். பதினைந்து வருஷமாக அவருக்குச் சீடன். அன்றைக்குச் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“சாமி, அவனுங்களைச் சபிச்சு விடுங்க.”

சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “எவனுங்களை?”

“அணையைச் சாத்தினவனுங்களை. வம்சமே அத்துப்போகணும்.”

“அப்போ தண்ணி வருமா?”

“வராது. என் வயிறு குளிரும்.”

“வயிறு குளிரணும்னா பழைய சோறு இருக்கு. போட்டுச் சாப்பிடு.”

வீரணனுக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது.

“நீங்க ஏன் பேச மாட்டீங்க? நீங்களும் அந்த மாநிலத்துல பொறந்தவர்தானே! நாப்பது வருஷம் எங்க சோத்தைத் தின்னாலும் ரத்தம் அந்தப் பக்கம்தானே இழுக்கும்?”

சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே உறைத்தது. சாமி தலை தூக்கவில்லை.

“இன்னைக்குக் கீரையில பூச்சி ஜாஸ்தி,” என்றார்.

அந்நேரம் பாலத்து மேலே ஒரே கூச்சல். “திறந்துட்டாங்க! தண்ணி வருது!”

இரண்டு பேரும் வெளியே வந்து பார்த்தார்கள். அணையை முந்தின நாளே கொஞ்சம் திறந்திருக்கிறார்கள். தண்ணீர் இப்போதுதான் மணலை நக்கிக்கொண்டு வருகிறது. முழங்கால் அளவுகூட இருக்காது. வீரணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தலுக்கு ஓடினான். சாமி பின்னாலேயே ஏறினார்.

“தலைவரே, இது போதும்! மூணு நாள் இப்படியே வந்தா எங்க ஊருக்கு ஒரு நனைப்பு ஆயிரும்!”

போராட்டத் தலைவரின் முகம் வேப்பங்கொட்டையைக் கடித்த மாதிரி ஆனது. மைக்கைப் பிடுங்கினார்.

“தன்மானமுள்ள தம்பிகளே! நாம கேட்டது உரிமை. அவன் போட்டது பிச்சை! இந்தப் பிச்சைத் தண்ணி நம்ம மண்ணுல படலாமா?”

“படக் கூடாது!”

“முழுப் பங்கும் வர்ற வரைக்கும் ஒரு மடையும் திறக்கக் கூடாது! யாருய்யா அந்த நீர்க்கட்டி? நீயா? பலகையில கை வெச்சே, கை இருக்காது!”

கைதட்டல் பாலத்தை அதிர வைத்தது. சொந்த வயல் காய்கிறவனும் சேர்ந்துதான் தட்டினான்.

அக்கரையில் மேல் மாநிலத்தாருக்கும் ஒரு பந்தல். அங்கேயும் ஒரு மைக் அலறியது. பாஷை வீரணனுக்குப் புரியவில்லை.

“சாமி, அங்க என்ன சொல்றான்?”

“ஒரு சொட்டு விட்டாலும் துரோகம்கிறான். அணையைத் திரும்ப மூடுற வரைக்கும் ரோட்டை விட்டு எந்திரிக்கக் கூடாதாம்.”

வீரணன் பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தான். தலைமடையைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் போகிறது, கடலுக்கு.

“சாமி, எங்க ஊர்ல நிலமில்லாதவனைத்தான் நீர்க்கட்டியா வைப்பாங்க. நிலம் இருந்தா கை தன் வயல் பக்கம் சாயும்னு. எனக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. இந்தத் தலைவருக்கும் கிடையாது, விசாரிச்சுட்டேன். அப்புறம் இந்தாளு ஏன் வந்த தண்ணியை வேண்டாங்கிறாரு?”

“நிலமில்லைன்னு எவன் சொன்னான்?” சாமியின் குரல் அப்படிக் கரகரத்து வீரணன் கேட்டதில்லை. கத்துகிற கூட்டத்தைக் கையால் காட்டினார். அப்படியே அக்கரையையும் காட்டினார். “இந்தா, கண்ணுக்கு எட்டின மட்டும் விளைஞ்சு கிடக்கு பாரு. தண்ணி பட்டா அழுகிப்போற பயிர்.”

வீரணன் தலைமடையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

“நான் போய்ப் பலகையைத் தூக்கினா அடிப்பாங்க, சாமி.”

“அடிப்பாங்க.”

“கையை ஒடிச்சாலும் ஒடிப்பாங்க.”

சாமி மேல்துண்டை உதறி இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். தலைமடைப் பக்கம் இறங்குகிற படியில் முன்னால் காலை வைத்தார்.

“தண்ணியைத்தான் பங்கு போட விட மாட்டேங்கிறானுங்க. அடியையாவது பங்கு போட்டுக்குவோம். நட.”