பொட்டு வைத்த கீபோர்டு

ஒரு வீட்டில், கட்டிலுக்கடியில், ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. உழைத்து ஓய்ந்ததெல்லாம் அதற்குள்தான் போகும். கடைசியாக அதில் கிடந்தவை ஒரு கீபோர்டு, ஒரு வயர்க்கட்டு, கசிய ஆரம்பித்துவிட்ட ஒரு பேட்டரி.

கீபோர்டுக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

"ஆயுத பூஜைக்கு எனக்குப் பொட்டு வச்சுக் கும்பிட்டாங்க. பாரு, இன்னும் அழியல. சாமி மாதிரி வச்சிருந்தாங்க என்னை."

"சாமியையே கொண்டுபோய்க் கடல்ல தள்ளுறவங்கதான்," என்றது பேட்டரி.

கட்டில்மேல் நெபுலைசர் இருந்தது. ஏழு வயது யாழினிக்கு மூச்சிரைக்கும்போதெல்லாம் மருந்தைக் காற்றாக்கிக் கொடுப்பது அதுதான். அவளுக்காக அந்த வீட்டில் ஊதுபத்தி கிடையாது, கொசுவர்த்தி கிடையாது. தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்திவிடுவார்கள். அவ்வளவு கவனமான அப்பா அம்மா!

போகிக்கு முந்தின நாள் பெட்டி வெளியே வந்தது.

"ஏங்க, இதையெல்லாம் வாங்கிக்கிற வண்டி தெருமுனையில நிக்குது. குடுத்துட்டு வந்துடுங்க," என்றாள் கோகிலா.

"இதைத் தூக்கிட்டு அங்க போய் நிக்கச் சொல்றியா? விடிஞ்சா போகி. பழசைக் கொளுத்தத்தானே அது?" என்றான் சபேசன்.

"பாப்பாவுக்குப் புகை..."

"கொளுத்தறது வாசல்ல. ஜன்னலைச் சாத்திக்கோ."

அவளுக்கும் பொங்கல் வேலை தலைக்கு மேல் கிடந்தது. சரி என்றுவிட்டாள். வண்டி போய்விட்டது.

வயர்க்கட்டு பதறியது. "நெபுலைசரக்கா, நீங்களாவது சொல்லுங்க! இந்தப் புள்ளையோட தொட்டிலுக்குக் காத்து வீசின ஃபேன் வயர் நான். வண்டியில ஏத்தினா என் செம்பையாவது பிரிச்சு எடுப்பாங்க. எரிச்சா விஷமாயிடுவேன்."

"நான் பேசினா அவங்க காதுல மோட்டார் சத்தம்தான் விழும். ஒண்ணு மட்டும் கேளு. எரிஞ்சாலும் அந்தப் பக்கமாப் போயிடு. உனக்குப் புண்ணியமாப் போகும், இங்க வந்துடாதே."

விடிவதற்கு முன் தெருவெல்லாம் மேளம் கொட்டியது. பேட்டரி 'பட்'டென்று வெடித்தது. பிள்ளைகள் கைதட்டின. கீபோர்டில் முதலில் கருகியது பொட்டுதான். வயர் கறுப்பாய்ச் சுருண்டு எழுந்தது.

கொஞ்ச நேரத்தில் யாழினி படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போயிற்று. கோகிலா முதுகைத் தடவினாள். சபேசன் ஓடிவந்து, கரி படிந்த கையாலேயே மாஸ்க்கை மாட்டினான்.

"எந்தப் பாவி எதைக் கொளுத்தினானோ!" என்று கத்தினான்.

நெபுலைசர் திணறித் திணறி ஓடியது. மூடிய ஜன்னலின் இடுக்கில் நின்ற புகையைப் பார்த்தது.

"உன்னை அந்தப் பக்கம் போகச் சொன்னேனே!"

"போகத்தான் பார்த்தேன் அக்கா," என்றது புகை. "எனக்குத் தெரிஞ்ச வீடு இது ஒண்ணுதானே?"