வாத்துகள் விரிந்து பறக்கும் கதை

அந்தக் காலத்தில், பறவையெல்லாம் நம்மைப் போலப் பேசிக்கொண்டிருந்தபோது, வரித்தலை வாத்துகள் ஒருவர் வாலை ஒருவர் பார்த்தபடி நேர்க்கோடாகத்தான் பறக்கும். தலைவர் நெட்டையனுக்குப் பக்கவாட்டில் சிறகு நீட்டினால் மரியாதைக் குறைச்சல் என்பது வழக்கம்.

நேர் பின்னால் பறப்பது என்ன லேசா? முன்னால் போகிறவர் சிறகடித்தால் காற்று கீழே இறங்கும். அது பின்னால் வருகிறவர் தலையில் சுமையாக உட்காரும். வருஷா வருஷம் பனிமலையைத் தாண்டித் தெற்கே வரும்போது இரண்டு மூன்று பேர் விழுந்துபோவார்கள்.

அந்த வருஷம் சாம்பி என்ற வாத்தின் மகள் பூவிக்கு முதல் பயணம். முதல் தடவை வருகிறவர்கள் தலைவருக்கு அடுத்து வரவேண்டும். அம்மாவும் மகளும் அப்படியே வந்தார்கள். பாதி மலையில் பூவிக்குச் சிறகு துவண்டுவிட்டது.

"அம்மா, கீழ இறங்கிடலாமா?"

"பனிடி அது. உட்கார்ந்தா எழுந்திருக்க மாட்டே."

பின்னால் வந்த கொண்டை அத்தை கத்தினாள். "பறக்கிறீங்களா, நடக்கிறீங்களா? வழியை விடுங்கடி!"

சாம்பி கூச்சக்காரி. மகளையும் கூட்டிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினாள். நெட்டையனின் சிறகு நுனிக்குச் சற்றுப் பின்னால். அந்த நுனியிலிருந்து சுருண்டு எழுந்த காற்று பூவியின் சிறகுக்கு அடியில் வந்து தாங்கியது.

"அம்மா! யாரோ என்னைத் தூக்குறாங்க!"

"அடியே, தலைவருக்குப் பக்கத்துலயா? அவ்வளவு திமிரா?" என்றாள் அத்தை.

நெட்டையனும் திரும்பினார். "சாம்பி, பின்னால போ."

சாம்பி மகளைப் பார்த்தாள். பின்னால் போனால் பிள்ளை இருக்க மாட்டாள்.

"போக மாட்டேன் மாமா," என்றாள். கூட்டமே திகைத்தது. "உங்க மேல மரியாதை இருக்கு. ஆனா எம்பிள்ளை இங்கதான் பறக்குறா. நான் கொஞ்சம் முன்னால போறேன், நீங்க என் சிறகோரம் வந்து பாருங்க."

நெட்டையன் முறைத்துக்கொண்டேதான் வந்தார். வந்ததும் முகம் மாறிவிட்டது.

"அடடா, இத்தனை வருஷமா உங்க தலையில காத்தைக் கொட்டியிருக்கேனே!"

"நகருங்கடி, எனக்கும் இடம் விடுங்க!" என்று மறுபக்கம் முதலில் பாய்ந்தது கொண்டை அத்தைதான். மற்றவர்களும் இருபக்கமும் விரிந்தார்கள். சாம்பி களைத்தபோது இன்னொருத்தி முன்னால் வந்தாள், அப்புறம் இன்னொருவர்.

மலைமுகட்டைத் தாண்டி எண்ணிப் பார்த்தார்கள். ஒருவர்கூடக் குறையவில்லை! பூவி போட்ட கூச்சலுக்கு மலையே எதிரொலித்தது.

அன்று முதல்தான் வாத்துகள் அம்புமுனை போல விரிந்து, முன்னால் போகும் சுமையை மாற்றி மாற்றிச் சுமந்து, வானம் அதிரக் கூவிக்கொண்டே பறக்கின்றன.