அம்பாத்துரையில் ஒடித்தால் வாடிப்பட்டியில் திரும்பும்

என் அக்கா புருஷன் சீனிச்சாமியைப் பொய்க்காரர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நடந்ததை நடந்த அளவோடு நிறுத்திக்கொள்ள அவருக்கு வராது, அவ்வளவுதான். தெருவில் பாம்பு போச்சு என்று ஆரம்பிப்பார். முடிக்கும்போது அந்தப் பாம்பின் மேல் நாலு பேர் ஏறி உட்கார்ந்து சோழவந்தான் வரைக்கும் போய்ச் சேர்ந்திருப்பார்கள். மதுரையில் பழைய ப்ளஷர் கார்களுக்கு வைத்தியம் பார்க்கிற பட்டறை வைத்திருக்கிறார். வேலை சுத்தம். வாய்க்குத்தான் பிரேக் கிடையாது.

அவர் மகள் சுகப்பிரியாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைப் பையன் ரயில்வேயில் இருக்கிறான், தங்கமான பையன். இரண்டு பேரும் போனில் பேசி, பிடித்தும் போய்விட்டது. பையனுக்கு டூட்டி என்று பெரியவர்கள் மட்டும் வந்தார்கள்; அவர்கள் சரியென்று சொல்வதுதான் பாக்கி. ஆனால் தரகர் முந்தின நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்திருந்தார்.

"பையனோட அப்பா கோட்டைச்சாமி, ரிட்டயர்டு பஸ் டிரைவரு. சிரிக்கவே மாட்டாரு. பொய் சொன்னா மட்டும் அவருக்கு ஆகாது. போன தையில ஒரு எடத்துல வாடகை வீட்டச் சொந்த வீடுன்னு சொல்லிப்புட்டாங்க. வச்ச காபியக்கூடத் தொடாம எந்திரிச்சு வந்துட்டாரு."

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடிப்பார்கள், பலகாரம் தின்பார்கள். ஆனால் மனசுக்குப் பிடித்தால்தான் இலையில் உட்கார்ந்து கை நனைப்பார்கள். கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. இலையில் உட்காராமல் 'போயிட்டுச் சொல்லி அனுப்புறோம்' என்று கிளம்பினால் அவ்வளவுதான், எழுந்து போனது போனதுதான்.

சுகப்பிரியா காலையிலேயே என்னிடம் வந்து நின்றாள். "மாமா, எனக்கு அவரப் பிடிச்சிருக்கு. அப்பா வாய மட்டும் நீங்க பாத்துக்கங்க" என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது. நான் நேரே போய் மச்சானிடம் சொல்லிவிட்டேன்.

"அவுக கை நனைக்கிற வரைக்கும் நீங்க வாயத் தொறக்கப்படாது. கேட்டா ஆமா, இல்ல. அம்புட்டுத்தேன்."

"சரிடா மாப்ள. நான் என்ன சின்னப்புள்ளையா?"

சொன்னபடியே இருந்தார். சும்மா சொல்லக்கூடாது, காபி முடிகிற வரைக்கும் ஆமா, இல்ல, ஆமா என்றே ஓட்டினார். உள்ளே அக்கா சாம்பாருக்குத் தாளித்த வாசனை கூடத்துக்கு வந்தது. மாப்பிள்ளையின் அம்மா சுகப்பிரியாவின் தலையைத் தடவிக் கொடுத்து உள்ளே அனுப்பினார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, கோட்டைச்சாமி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வாசலில் பழுதுக்கு வந்த ஒரு கறுப்பு ப்ளஷர் கார் ஜாக்கியில் ஏறி நின்றது.

"என்ன, ஸ்டீரிங்ல ஆட்டமோ?" என்று கேட்டார்.

மச்சானின் தொடையைக் கிள்ளினேன். அவர் என்னைப் பார்த்தார், எச்சிலை விழுங்கினார், "லேசா" என்றார். நான் மூச்சுவிட்டேன்.

மாப்பிள்ளையின் சித்தப்பா நாகேந்திரன் என்று ஒருவர் கூட வந்திருந்தார். கூட்டுறவு பேங்கில் செக்ரட்டரி. அவர் சும்மா இருந்திருக்கலாம். "பழைய வண்டின்னா ஸ்டீரிங் ஆடத்தான் செய்யும். அதெல்லாம் சரி பண்ண முடியாது" என்றார்.

"முடியாதா?" என்று மச்சான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். போச்சு.

"வெள்ளமலைக்குண்டு ஜமீன்தார் வண்டின்னு ஒண்ணு நம்ம பட்டறைக்கு வந்துச்சுங்க. அதுல இருந்துச்சு பாருங்க, அது ஆட்டம். வாசல்ல நிக்கிறது சும்மா தாலாட்டு. அந்த வண்டியில அம்பாத்துரையில ஸ்டீரிங்க ஒடிச்சா வாடிப்பட்டியில வந்துதேன் திரும்பும்."

"அதெப்படி?" என்றார் நாகேந்திரன். "நடுவுல கொடைரோட்டுல வளைவு இருக்குல்ல?"

"அதுக்குச் சின்னாளப்பட்டியிலயே ஒடிச்சு வச்சிருவாரு டிரைவரு. பழகுன கை. ஒடிச்சு வச்சிட்டு, எறங்கி ஒரு டீயக் குடிச்சு, ஓடிவந்து ஏறிக்கிருவாரு. அந்த ஸ்டீரிங்க ஒரு ஆளாச் சுத்த முடியாதுங்க. கெணத்துல தண்ணி எறைக்கிற மாதிரி ரெண்டு பேரு மாத்தி மாத்திச் சுத்தணும். ஒருக்கா என்னாச்சு தெரியுமா? ஜமீன்தாரு ஒரு கல்யாணத்துக்குப் போகணும்னு மொத நாளு சாயங்காலமே ஒடிச்சு வச்சுட்டாங்க. காலையில ஆளு வந்து, கல்யாணம் நின்னுபோச்சுன்னு சொல்றான். ஒடிச்சது ஒடிச்சதுதான, என்ன பண்ண முடியும்? நின்னுபோன கல்யாணத்துக்குப் போயி, மொய் எழுதிட்டு வந்தாரு மனுசன்."

பெண் பார்க்க வந்த இடத்தில் கல்யாணம் நின்ற கதை! மாப்பிள்ளையின் அம்மா வாய்க்குள் சாமி பேரைச் சொல்லிக்கொண்டார். நான் இருமினேன். மச்சான் எனக்குத் தண்ணீர் சொம்பை நகர்த்திவிட்டுத் தொடர்ந்தார்.

"நான் படுத்து உள்ள புகுந்து பாத்தேன். டை ராடு எண்டு நல்லாருக்கு. கிங்பின்னு நல்லாருக்கு. ஸ்டீரிங் பாக்ஸு மேல, ஆட்டத்தக் கொறைக்க ஒரு ஸ்குரூ இருக்கும். ஐயாவுக்குத் தெரியும்."

கோட்டைச்சாமி தலையை ஆட்டினார்.

"அதோட லாக் நட்டத் தளத்திட்டு, ஸ்குரூவ ஒரு நூலு திருகுனேன்."

"கூடத் திருகுனா இறுகிருமே" என்றார் கோட்டைச்சாமி. அவர் வாயிலிருந்து வந்த இரண்டாவது வாக்கியம் அது. முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"இறுகிருச்சுங்கய்யா! அதத்தேன் சொல்ல வர்றேன். நம்ம ஒடிக்கிறதுக்கு முன்னாடியே வண்டி திரும்ப ஆரம்பிச்சிருச்சு. டிரைவரு எங்கிட்டுப் பாக்குறாரோ அங்கிட்டுத் திரும்பும். வடைக்கடையப் பாத்தாருன்னு வைங்க, கடை வாசல்ல போயி நிக்கும். பாவம், சீயக்காய் விளம்பரத்துல இருந்த பொம்பளப் படத்தப் பாத்து, செவுத்துல போயி முட்டிட்டாரு. அப்பறம் பாக்கவே வேணாம், நெனச்சாலே போதும்னு ஆகிப்போச்சு. ஜமீன்தாரு கோயிலுக்குப் போவோம்னு சம்சாரத்தக் கூட்டிக்கிட்டுக் கெளம்புனாரு. மனசு சீட்டாட்டத்துல இருந்திருக்கு. வண்டி நேரா கிளப்புல போயி நின்னு ரெண்டு ஆரன் அடிச்சுச்சு. உள்ள இருந்தவுக எல்லாம், என்னங்க, இன்னிக்கு லேட்டுன்னு கேக்குறாங்க. அந்தம்மா பின் சீட்டுல!"

நாகேந்திரன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "ஏங்க, நம்புற மாதிரிச் சொல்லுங்க."

"நம்பாதீங்க. யாரு நம்பச் சொன்னா? கேளுங்க, போதும்."

சமையலறைக் கதவருகே சுகப்பிரியா நெற்றியில் கை வைத்து நின்றாள். அக்கா அவள் பின்னாலிருந்து என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். நான் என்ன செய்ய? எழுந்து போய் அவர் வாயைப் பொத்தவா முடியும்? கிள்ளிக் கிள்ளி என் விரல்தான் வலித்தது.

"வண்டி திரும்ப நம்மகிட்டயே வந்துச்சு" என்றார் மச்சான். "ஜமீன்தாரு கையெடுத்துக் கும்பிட்டு, எதையும் நெனைக்காத வண்டியா ஆக்கிக் குடுங்கன்னாரு. அந்த ஸ்குரூவ இன்னும் ஒரு மயிரிழை திருகி, லாக் நட்டப் போட்டு முறுக்குனேன். ஆட்டமே இல்ல. சுத்தமா இல்ல. ஸ்டீரிங்கு நட்டு வச்ச கல்லுத்தூணு மாதிரி நிக்கிது. ஓட்டிப் பாக்க எடுத்துட்டுப் போனேன். சமயநல்லூர் வளைவு வருது. ரோடு வளையிது, வண்டி வளைய மாட்டேங்குது. எதுத்தாப்புல வைகை."

"பிரேக்க மிதிக்க வேண்டியதுதான?"

"பிரேக்கு வேல நான் எடுத்துக்கல. அது வேற பட்டறை" என்று நாகேந்திரனை ஒரு பார்வை பார்த்தார் மச்சான். "பல்லக் கடிச்சுக்கிட்டு ஒடிச்சேன் பாருங்க ஒரு ஒடி! ஸ்டீரிங்கு அசையல. வண்டி அசையல. அம்புட்டு பலத்தப் போட்டு ஒடிக்கிறேன், ஏதாச்சும் ஒண்ணு திரும்பணுமா இல்லையா? ஊரு திரும்பிருச்சு."

"எந்த ஊரு?"

"மதுரைதேன். வேற எந்த ஊரு? தெக்க பாத்த வீடெல்லாம் மேக்க பாத்து நின்னுச்சு. மொட்ட மாடியில வெயில்ல காயப்போட்ட வத்தல் அம்புட்டும் நெழலுக்கு வந்துருச்சு. பொம்பளைக என்னையத் திட்டாத திட்டு இல்ல. பல்லுப் பிடுங்க ஆஸ்பத்திரிக்குள்ள போன ஒருத்தரு, முடி வெட்டுற கடையில வாயத் தொறந்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. அப்பறம் நான்தேன் எதுத்தாப்புல ஒரு ஒடி ஒடிச்சு ஊரப் பழையபடி கொண்டாந்து வச்சேன். ஆனா ஒரு அரையடி பெசகிருச்சு. அதுனாலதேன் எங்க தெருவுல இன்னிக்கும் எந்தக் கதவும் ஒழுங்காச் சாத்தாது. வேணும்னா சாத்திப் பாருங்க."

நாகேந்திரன் விடவில்லை. எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திப் பார்த்தார். தோளைக் கொடுத்துத் தள்ளினார். சாத்தவில்லை. மழையில் உப்பிப்போன கதவு அது. ஆசாரியை வரச் சொல்லி இழைத்துவிடுங்கள் என்று அக்கா வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நாகேந்திரன் தோளைத் தடவிக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்தார்.

கோட்டைச்சாமி டம்ளரைக் கீழே வைத்தார்.

"வண்டி இருக்கட்டும். பொண்ணு டிகிரி முடிச்சிருச்சுன்னு தரகர் சொன்னாரே?"

இது நாங்கள் முன்கூட்டியே பேசி வைத்திருந்த விஷயம். ஆமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் மச்சானைப் பார்த்தேன். அதுவரை ஆடிக்கொண்டிருந்த கை இரண்டும் மடியில் அடங்கிவிட்டன.

"இல்லைங்கய்யா. ஒரு பேப்பரு நிக்கிது. கணக்குப் பேப்பரு. ரெண்டு தடவ எழுதிருச்சு. திரும்ப எழுதுது, ஆனா பாஸாகும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. வீடு சொந்தம். பட்டறை நிக்கிற எடம் குத்தகைதேன். அதையும் சொல்லிர்றேன்."

எனக்கு அந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு அழலாம் போல இருந்தது. மதுரையைத் தூக்கித் திருப்பி வைத்த வாய்க்கு, மகள் விஷயத்தில் ஒரே ஒரு பேப்பரைக்கூட மறைக்க வரவில்லை. கதவருகே சுகப்பிரியாவைக் காணோம். உள்ளே போய்விட்டாள்.

கோட்டைச்சாமி எழுந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டினார். கிளம்பப் போகிறார் என்றே நினைத்தேன். ஜன்னல் வழியாக அந்தக் காரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மச்சான் பக்கம் திரும்பினார். சிரிப்பில்லை.

"அன்னிக்கு ஊரத் திருப்புனது நீங்கதானா?"

"நான்தேன்."

"நான் அன்னிக்கு டூட்டி. ஆரப்பாளையத்துல வண்டிய எடுத்து, சமயநல்லூர் தாண்டிட்டேன். திடீர்னு பூமி ஒரு சுத்துச் சுத்துச்சு. கண்ணத் தொறந்து பாத்தா, கண்டக்டரு டிரைவர் சீட்டுல உக்காந்திருக்காரு. நான் தோள்ல பைய மாட்டிக்கிட்டுச் டிக்கெட்டுக் கிழிச்சுக்கிட்டு இருக்கேன். டிக்கெட் எடுக்காமப் படியில தொங்குனவன் செக்கராகி, எல்லாரையும் டிக்கெட்டக் காட்டு, டிக்கெட்டக் காட்டுன்னு வெரட்டுறான். வண்டி ஆரப்பாளையத்துலயே நிக்கிது. டைம் கீப்பரு வந்து, ஏன்யா இன்னும் எடுக்கலன்னு எனக்கு மெமோ குடுத்தாரு. யாரு பாத்த வேலைன்னு தெரியாம இம்புட்டு வருசமா மனசு உறுத்திக்கிட்டு இருந்துச்சு."

சொல்லிவிட்டுக் கையைக் கழுவத் தண்ணீர் எங்கே என்று தேடினார். "சாம்பாரு வாசனை அப்பயே வந்துருச்சு. எலையப் போடச் சொல்லுங்க. கை நனைப்போம்."

உள்ளே அக்கா அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை, ஏதோ ஒரு பாத்திரம் கீழே விழுந்தது. சுகப்பிரியா ஓடிவந்து என் கையை அழுத்திப் பிடித்துவிட்டு அதே வேகத்தில் திரும்பி ஓடினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாழையிலைக் கட்டை எடுக்கக் கொல்லைக்கு விரைந்தேன்.

பின்னாலேயே மச்சான் வந்து என் தோளைப் பிடித்து நிறுத்தினார். முகம் வாடியிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"மாப்ள, ஊரு திரும்புனது நெசம். ஆனா அன்னிக்குப் பஸ்காரங்க ஸ்டிரைக்குடா, ஒரு பஸ்ஸுகூட ஓடல. இப்படி வாய் கூசாமப் புளுகுற வீட்டுல நம்ம பொண்ணக் குடுக்குறதான்னு ரோசனையா இருக்கு."