மணலில் நட்ட இலை

வடிவம்மாவின் வீட்டுக்குக் காலையில் நாலைந்து பேர் வருவார்கள். சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அவள் ஏதாவது சொன்னால் கேட்பார்கள். சொல்லாவிட்டால் எழுந்து போவார்கள்.

வருகிறவர்களில் தில்லைநாயகம்தான் மூத்தவர். வடிவம்மாவைவிடவும் மூத்தவர். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளை அம்மா என்பார். அதில் இரண்டு பேருக்கும் சங்கடம் இல்லை.

ஒருநாள் அவர் ஒரு துணிப்பையோடு வந்தார். பைக்குள் ஒரு தொட்டி. தொட்டியில் தலை தொங்கிய ஒரு செடி.

"பெப்பரோமியான்னு பேரு. என் மகன் பரிதியோடதும்மா."

பரிதி அப்போது குடியை விடுவதற்காக ஒரு மறுவாழ்வு இல்லத்தில் இருந்தான். அந்த மாசக் கடைசியில் வீடு திரும்ப வேண்டும். இல்லத்துக்குப் போகும்போது அவன் சொல்லிவிட்டுப் போனது ஒன்றுதான். செடியைப் பாத்துக்கங்கப்பா.

"அவன் வர்றப்போ இது செத்துக் கெடந்தா என்னம்மா நினைப்பான்?"

"தண்ணி?"

"குறையே வைக்கல. இலை தொங்கினா ஊத்திருவேன். காலைல ஊத்துவேன். மனசு கேக்காம சாயங்காலமும் ஊத்துவேன். ஊத்த ஊத்தத் தொங்குது."

வடிவம்மா ஓர் இலையை விரலால் அழுத்திப் பார்த்தாள். தடித்த இலை.

"வெத்திலைக்கு ஒண்ணுவிட்ட உறவு இது. ஆனா கஞ்சம். இலைக்குள்ளயே தண்ணியைச் சேத்து வெச்சுக்கும். மண்ணு காஞ்ச பிறகு குடுத்தாப் போதும்."

தொட்டியைக் கவிழ்த்தாள். வேர் கறுத்து, குழைந்து வந்தது. நாற்றம் அடித்தது.

"போச்சாம்மா?"

"வேரு போச்சு."

அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். கெட்டியாக இருந்த இலைகளைக் காம்போடு நறுக்கினாள். உள்ளே தெரிகிற மூடி போட்ட ஒரு மிட்டாய்ப் பெட்டியில் ஈர மணலை நிரப்பி, காம்புகளை ஒவ்வொன்றாகச் செருகினாள்.

"இலையிலேருந்தா செடி வரும்?"

"வரும். வெளிச்சத்துல வையுங்க, வெயில்ல வேண்டாம். எப்பவாவது மூடியைத் திறந்து மூடுங்க. வேற வேலை இல்ல."

"வேர் விட்டுச்சான்னு எப்படித் தெரியும்?"

"புது இலை வரும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் தெரியாது."

அந்தத் தெரியாதுதான் அவரைப் படுத்தியது. மறுநாள் காலையில் மூடியைத் திறந்தார். பயணியின் கையிலிருந்து டிக்கெட்டை வாங்குவதுபோல ஓர் இலையை மெல்ல உருவினார். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். ஒன்றும் இல்லை. திரும்பச் செருகினார். அடுத்த நாளும் பார்த்தார். அதற்கடுத்த நாளும்.

பரிதி வந்தான். இளைத்திருந்தான். செடி இருந்த மேசையருகே நின்று, "செடி எங்கப்பா?" என்றான்.

பெட்டியைக் காட்டினார். அவன் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தான். "சரி, வரும்" என்றான். அடுத்த வாரமே பழைய பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

சாயங்காலம் அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் தில்லைநாயகம் வாசலில் நிற்பார். "சாப்பிட்டியா?" என்று முகத்தருகே வருவார். "ஏன் லேட்டு?" என்று இன்னும் பக்கத்தில் வருவார். அவன் குளிக்கப் போனதும் ஆணியில் மாட்டிய சட்டையை எடுத்து முகர்ந்து பார்ப்பார்.

ஒருநாள் பரிதி உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று, அப்பாவின் முகத்துக்கு நேராக வாயைக் கொண்டுவந்து ஊதினான். இஞ்சி டீ வாசனை அடித்தது.

"போதுமா? இன்னொரு தடவை ஊதவா?"

அவர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"சனிக்கிழமை நான் பட்டறை ரூமுக்குப் போயிடறேம்ப்பா."

"அங்க உன்னை யாரு பாத்துக்குவா?"

"யாரும் பாக்க மாட்டாங்க. அதுக்குத்தான் போறேன்."

விடிந்ததும் தில்லைநாயகம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வடிவம்மாவிடம் வந்தார்.

"வேரே வரலம்மா. தினம் பாக்கறேன். ஒண்ணுலயும் இல்ல."

"பாக்கறீங்களா? எப்படி?"

உருவிக் காட்டினார்.

"நீங்க ரிட்டயர் ஆயிட்டதாச் சொன்னாங்களே அண்ணே."

உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வடிவம்மா அந்த இலையை ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள்.

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க."

காம்பின் நுனியில் வெள்ளையாக ஏதோ இருந்தது. மழித்த தாடியில் மறுநாள் முளைக்கிற முள்ளளவுகூட இல்லை.

"என்னம்மா இது?"

"வேர்தான். வந்திருக்கு. ஒடிஞ்சிருக்கு."

இன்னொன்றை எடுத்துக் காட்டினாள். அதுவும் அப்படியே இருந்தது.

"நானா?"

அவள் இலைகளைத் திரும்பச் செருகி, மணலை விரலால் அணைத்துவிட்டாள்.

அவர் சனிக்கிழமை விஷயத்தைச் சொன்னார்.

"அவன் தேறிட்டான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். அப்புறம் நான் எதையுமே கேக்க மாட்டேன். அதை எப்படிம்மா தெரிஞ்சுக்கறது?"

வடிவம்மா பெட்டியை மூடி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ஐயோ, இங்கயே இருக்கட்டும்மா. உங்ககிட்ட இருந்தா பிழைச்சிரும்."

"பயம் உங்க வீட்லதானே இருக்கு. பெட்டி இங்க இருந்து என்ன பண்ண?"

"மறுபடி வேர் விடுமா?"

"விடலாம். விடாமயும் போகலாம்."

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். விரல்கள் தானாக மூடியின் விளிம்புக்குப் போயின. அதைக் கவனித்துக் கையை இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போயின.

"தப்புன்னு தெரியுதும்மா. தெரிஞ்சும் கை போகுது. ஒரே ஒரு தடவை, இதோட விட்டுடலாம்னு தோணுது. அந்த நேரத்துல என்ன செய்யறது?"

"வீட்டுக்குப் போயி பரிதியைக் கேளுங்க அண்ணே" என்றாள் வடிவம்மா. "அவனுக்குத் தெரியும்."