இட்லி மாவில் கலந்தது

"அம்மா, இந்த டப்பாவுல எது என் பொண்ணைப் பேச வைக்கும்?"

தணிகாசலம் பையைக் கவிழ்த்து, மடத்துச் சமையலறைத் தரையில் டப்பாக்களை அடுக்கினார். மீன் எண்ணெய், துத்தநாகம், மெக்னீசியம், விதவிதமான வைட்டமின் பொடிகள். மருந்துக்கடைக்காரர் வீட்டில் டப்பாவுக்கா பஞ்சம்?

மடத்து அம்மையார் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து அவர் முன்னால் கைகட்டி உட்காரும் சீடர் இவர்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"ஆட்டிசத்துக்கு இதெல்லாம் மருந்தே இல்லைங்கறார். ரத்தத்துல ஒரே ஒரு வைட்டமின் குறைச்சலாம். அதுக்கு மட்டும் சொட்டு மருந்து எழுதினார்."

"அதோட விட வேண்டியதுதானே?"

"பெத்த மனசு கேக்கலைம்மா."

"எப்படிக் குடுக்கறே?"

தணிகாசலத்துக்குக் கொஞ்சம் பெருமை வந்தது.

"வெண்மதி வெள்ளையா இருக்கறதைத்தான் தொடுவா. இட்லின்னா உசுரு. எல்லாத்தையும் மைய அரைச்சு மாவுல கலந்துடுவேன். கண்ணுக்கே தெரியாது."

"அவளுக்குத் தெரிஞ்சுதா?"

வந்த பெருமை போன இடம் தெரியவில்லை.

ஏழு வயதுப் பெண் இப்போது இட்லியைத் திரும்பியும் பார்ப்பதில்லை. கடையில் வாங்கிய பிஸ்கட் பாக்கெட்டைத் தானே கிழித்தால்தான் சாப்பிடுகிறாள். அப்பா ஊட்ட வந்தால் உதட்டை இறுக்கிக்கொள்கிறாள். கையும் காலும் குச்சியாகிவிட்டன. இதையெல்லாம் அவர் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கறாம்மா."

"மூடிக்கிட்டுச் சொல்றாளே," என்றார் அம்மையார்.

எழுந்துபோய் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்தார். வெயிலில் வந்த மனிதர் மடக் மடக்கென்று குடித்தார். முகம் அஷ்டகோணலாகியது.

"என்னம்மா இது, இப்படிக் கசக்குது?"

"வேப்பம்பூப் பொடி. வயித்துக்கு நல்லதாச்சேன்னு போட்டேன்."

"சொல்லிட்டுக் குடுத்திருந்தா நானே குடிச்சிருப்பேனே."

அம்மையார் இன்னொரு டம்ளரை நீட்டினார்.

"இதுல ஒண்ணும் இல்லை. குடி."

தணிகாசலம் வாங்கினார். மோந்து பார்த்தார். லேசாகச் சுழற்றி, அடியில் ஏதாவது தங்கியிருக்கிறதா என்று பார்த்தார். குரு கொடுத்தது, கீழே வைக்கவும் முடியவில்லை, துணிந்து குடிக்கவும் முடியவில்லை.

"நான் ஒரு தடவைதான் போட்டேன்," என்றார் அம்மையார்.

தணிகாசலம் அழுதுவிட்டார். டம்ளர் கையிலேயே இருந்தது.

"இனி என் கையால சாப்பிடுவாளாம்மா?"

அம்மையார் டம்ளரை வாங்கி, அண்ணாந்து பாதி மோரைக் குடித்தார். மீதியை அவரிடம் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து காய் நறுக்கத் தொடங்கினார்.

தணிகாசலம் குடித்தார்.

டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் அரிசியையும் உளுந்தையும் மகள் முன்னாலேயே கிரைண்டரில் போட்டார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உப்புப் போட்டபோது மட்டும் தலையைத் திருப்பினாள்.

"உப்புதாம்மா. வேற ஒண்ணும் இல்லை," என்றார்.

சொட்டு மருந்துப் பாட்டிலைத் தனியாக மேசைமேல் வைத்து, "இது மருந்து," என்றும் சொன்னார்.

காலையில் இட்லி வெந்தது. அவள் வரவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் வரவில்லை. தணிகாசலத்துக்குக் கை பரபரத்தது. ஆனாலும் ஊட்டப் போகவில்லை. தட்டை வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெண்மதி வந்து தட்டின் முன்னால் நின்றாள். ஒரு விள்ளல் பிட்டாள். மோந்தாள். விரலிடுக்கில் நசுக்கிப் பார்த்தாள்.

பிறகு அதை அப்பாவின் வாய்க்கு நேராக நீட்டினாள்.

அவர் வாயைத் திறந்தார். மென்று விழுங்கும்வரை அவள் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு விள்ளல் பிட்டாள். அது அவருக்கு வரவில்லை.