குப்பிக்குச் சட்டை

"குப்பியையே தொடாதவளுக்கு அது எப்பிடி வந்துது, டாக்டரம்மா?"

சங்கரலிங்கம் அண்ணாச்சி மூன்று வாரமாக இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மாவும் மூன்று வாரமாகப் பதில் சொல்லவில்லை.

தாமிரபரணிக் கரையில் இருந்த ஆஸ்பத்திரி அது. சுற்றுப்பட்டுக் கிராமங்களில் எடுக்கிற ரத்தமெல்லாம் சோதனைக்கு அங்கேதான் வரும். ஆய்வகத்துக்குத் தலைமை டாக்டர் நாச்சியார், வயது முப்பத்தாறு. அவருக்குக் கீழே மூத்த டெக்னீஷியன் சங்கரலிங்கம், வயது ஐம்பத்தேழு. நாச்சியார் படிக்க வந்த காலத்தில் ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே அண்ணாச்சிதான். இப்போது அவருக்குச் சந்தேகம் வந்தால் டாக்டரம்மாவிடம்தான் போவார். அதில் அவருக்கு வெட்கம் கிடையாது. அப்பனுக்கே பாடம் சொன்ன சாமிதானே நம்ம திருச்செந்தூரிலயும் இருக்கு என்பார்.

அவர் கேட்டது செண்பகவல்லியைப் பற்றி.

செண்பகம் ஆய்வகத்து வாசல் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டுகளைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுகிறவள். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள். ரத்தத்தைக் கண்டால் தலை சுற்றும். அவளுக்குக் காமாலை வந்துவிட்டது.

தண்ணீரில் வருகிற காமாலையாக இருந்தால் ஊர் கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்துவிட்டுத் தன் சோலியைப் பார்த்திருக்கும். இது ரத்தத்தில் பரவுகிற காமாலை. படுக்கையிலும் பரவும் என்று விவரம் தெரிந்த யாரோ ஒருவர் சொல்லிவைத்தார்.

செண்பகத்தின் புருஷன் கப்பலுக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

அதற்குமேல் ஊருக்கு யாரும் எடுத்துக்கொடுக்க வேண்டியதில்லை. மாமியார் அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதை நிறுத்திவிட்டாள். புருஷன் ஃபோன் பேசுவது குறைந்தது. பிறகு நின்றுபோனது.

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு வந்தபோது அண்ணாச்சிதான் எழுதிக்கொடுத்தார். 'மேற்படி ஊழியர் ரத்தக் குப்பிகளைக் கையாள்பவர் அல்லர். அவரது நோய்க்கும் ஆய்வகத்துக்கும் தொடர்பில்லை.'

பொய் என்று தெரிந்து எழுதவில்லை. தன் குப்பிகளின்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அவை பென்சிலின் மருந்து வந்த சின்னக் கண்ணாடிக் குப்பிகள். அண்ணாச்சி அவற்றைச் சேர்த்துக் கழுவி, கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, பழைய ரப்பர் மூடியையே அழுத்திப் போட்டு ஊர் ஊராக அனுப்புவார். ரத்தம் அடைத்துத் திரும்பி வரும். இருபத்தொன்பது வருஷமாக இதுதான் முறை. ஒரு தடவை உபயோகித்துவிட்டுத் தூக்கிப்போடுகிற பிளாஸ்டிக் குழாய்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. கண்ணாடி பொய் சொல்லாது என்பார்.

நோயாளியின் பெயர் எழுதிய சீட்டைக் குப்பியைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருக்க வேண்டும். அதற்கு அங்கே பெயர் 'சட்டை போடுறது'. சட்டை இல்லாமல் வருகிற குப்பியை அண்ணாச்சி வாங்கமாட்டார். ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தர் பெயரில் போய்விடக் கூடாதே என்று அவரே கொண்டுவந்த ஒழுங்கு அது. உள்ளே குப்பியின் சட்டையைக் கழற்றுவார்கள். குப்பி மெஷினுக்குப் போகும், சட்டை செண்பகத்தின் ஜன்னலுக்குப் போகும்.

திருகுமூடி போட்ட பிளாஸ்டிக் குழாய்கள் மூன்று தினுசில் அவர் மேசைமேல் மூன்று மாதமாகத் தூசி படிந்து கிடந்தன. டாக்டரம்மா வைத்தவை. திங்கட்கிழமைக்குள் எது வேண்டுமென்று எழுதிக்கொடுத்தாக வேண்டும். அடுத்த ஐந்து வருஷத்துக்கு எல்லாக் கிராமத்துக்கும் அதுதான் போகும்.

சனிக்கிழமை அண்ணாச்சி போய், கண்ணாடியே இருக்கட்டும் என்றார்.

டாக்டரம்மா தலையாட்டினார். "சரி அண்ணாச்சி. நாளைக்கு ஒரு நாள் செண்பகம் நாற்காலியில உட்காருங்க. அதுக்குப் பெறவு நீங்க எதைச் சொன்னாலும் கையெழுத்துப் போடுதேன்."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைல்லா?"

"ஆமா. அதான்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் டாக்டரம்மா இருபது குப்பிகளைத் தன் கையாலேயே நிரப்பி, மூடி, சட்டை போட்டு, வழக்கமான தட்டில் அடுக்கினார். ஜீப் வழக்கமான வழியில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தது. மேடு பள்ளமும் வேகத்தடையும் வழக்கம்போலத்தான். தட்டு இறங்கியபோது பாதிக் குப்பிகள் படுத்துக் கிடந்தன. அதுவும் வழக்கம்தான்.

இதில் ரத்தம் இல்லை, பயப்பட வேண்டாம் என்று மட்டும் டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

அண்ணாச்சி கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு குப்பியாகச் சட்டையைக் கழற்றினார். உள்ளே மஞ்சளாக ஏதோ இருந்தது. குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார். இருபதும் வெளியே காய்ந்திருந்தன. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"பாத்தீங்களா" என்றார். மூன்று வாரத்தில் அன்றைக்குத்தான் அவருக்கு முகம் தெளிந்திருந்தது.

டாக்டரம்மா வாசல் நாற்காலியைக் காட்டினார்.

அந்த நாற்காலிக்குக் கையுறை கிடையாது. காமாலைத் தடுப்பூசி போட வேண்டியவர்கள் பட்டியலிலும் அந்த நாற்காலி இல்லை. குப்பியைத் தொடுகிறவர்கள் பட்டியல் அது, எழுதியவரும் அண்ணாச்சிதான். கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

இருபது சீட்டுகள். பெயர், வயது, ஊர், என்ன சோதனை. ரப்பர் பேண்டில் சுருண்டு கிடந்த சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றன. அவர் ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு சீட்டைத் தள்ளினார். செண்பகமும் அப்படித்தான் செய்வாள். சீட்டு எண்ணுகிற யார்தான் செய்வதில்லை. பன்னிரண்டாவது சீட்டின் விளிம்பு கட்டைவிரலைக் கீறியது. அதையும் வாயில் வைத்துச் சப்பிவிட்டு எழுதினார். நாக்கில் லேசாக ஒரு கசப்பு தட்டியது. காலையில் சாப்பிட்டது எதுக்களிக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

முடித்ததும் டாக்டரம்மா கை கழுவக் கூப்பிட்டார். வழக்கமான திரவ சோப்பு அங்கே இல்லை. துணி துவைக்கிற பார் சோப்பு ஒரு துண்டு இருந்தது.

அண்ணாச்சி சோப்பைக் கையில் தேய்த்தார்.

நுரை சிவந்தது.

விரல்நுனிகள் சிவந்தன. கட்டைவிரல் கீறலுக்குள் ஒரு சிவப்புக் கோடு ஓடியது. அவர் பதறிப்போய்த் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவினார். கண்ணாடியில் பார்த்தபோது கீழுதட்டில் சிவப்பு இருந்தது.

"மஞ்சப்பொடி கரைச்ச தண்ணி அண்ணாச்சி. சோப்பு பட்டா செவக்கும். சேலையில பட்ட மஞ்சள் எப்பிடிச் செவக்கும்னு வீட்டுல கேட்டுப் பாருங்க."

அண்ணாச்சி ஓடிப்போய்க் குப்பிகளைப் பார்த்தார். இன்னும் காய்ந்துதான் இருந்தன. சீட்டுகளை எடுத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் சோதனைச் சீட்டு மஞ்சள் நிறம்.

டாக்டரம்மா ஒரு தட்டில் சோப்புத் தண்ணீரை ஊற்றி அவர் முன்னால் வைத்தார். அண்ணாச்சி முதல் சீட்டைப் போட்டார். சீட்டின் மேல்விளிம்பில், மூடியை ஒட்டியிருந்த இடத்தில், ஒரு வட்டம் சிவந்து விரிந்தது. அடுத்ததைப் போட்டார். அதிலும் இருந்தது. கடைசிச் சீட்டை முழுக்கப் போடாமல் மூடிப் பக்கத்து ஓரத்தில் ஒரு சொட்டு மட்டும் விட்டுப் பார்த்தார், அதுவும் சிவந்தது. இருபதில் பதினொன்று.

குப்பியிலிருந்து கசிந்ததை எல்லாம் சட்டை குடித்திருந்தது. அதனால்தான் குப்பி காய்ந்திருந்தது.

ரத்தம் உறைந்ததும் மேலே மஞ்சளாக நீர் தெளிந்து நிற்கும். நோய் இருக்கிறதா என்று பார்ப்பது அந்த நீரில்தான். அதை இருபத்தொன்பது வருஷமாகப் பார்த்தவர் அண்ணாச்சி. மஞ்சள் நீர் மஞ்சள் சீட்டில் பட்டால் எப்படித் தெரியும் என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை. செண்பகத்தின் கைக்கு அவர் எத்தனை சட்டைகளை அனுப்பியிருப்பார்.

"காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சொல்லுவாங்க" என்றார் அண்ணாச்சி. "எனக்கு மஞ்சளே தெரியலியே."



அண்ணாச்சி தன் மேசைக்குப் போய் அந்த மூன்று குழாய்களிலும் தண்ணீர் நிரப்பி, மூடியைத் திருகி, வெறும் காகிதத்தில் சுற்றிப் படுக்கவைத்தார். குழாயைப் பார்க்கவில்லை, காகிதத்தைப் பார்த்தார். ஒரு மணி நேரம் நகரவில்லை. பிறகு எதைச் சுற்றியிருந்த காகிதம் காய்ந்திருந்ததோ அதன் பெயரை எழுதினார். கீழே மூன்று வரி சேர்த்தார். பெயரைக் குழாயின் உடம்பிலேயே எழுதி ஒட்ட வேண்டும். குழாய்கள் மூடியுள்ள பெட்டிக்குள் நின்றபடி வர வேண்டும். சீட்டு வெள்ளையாக, தனி உறையில் வர வேண்டும்.

டாக்டரம்மா படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"இனி வராதுன்னு வைங்க" என்றார் அண்ணாச்சி. "வந்தவளுக்கு என்ன செய்ய?"

டாக்டரம்மா கோப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்து அவரிடம் நீட்டினார். அண்ணாச்சியின் கையெழுத்துத்தான். 'அவரது நோய்க்கும் ஆய்வகத்துக்கும் தொடர்பில்லை.'

அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைக்கப் போனார். சட்டை என்ற நினைப்பு வந்ததும் கை நின்றது. கையிலேயே வைத்துக்கொண்டார். சோப்புத் தட்டில் முழுக்கப் போடாமல் வைத்திருந்த அந்தக் கடைசிச் சீட்டையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

செண்பகத்தின் வீட்டில் மாமியார் முற்றத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்காரர் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் செண்பகம் நிற்பது அவருக்குத் தெரிந்தது.

அண்ணாச்சி குனிந்து, அவள் வாளியிலிருந்த சோப்புத் தண்ணீரில் சீட்டை முக்கி எடுத்தார். மஞ்சள் சீட்டில் சிவப்பு வட்டம் விரிந்தது.

மாமியார் பார்த்தாள். மஞ்சள் எப்படிச் சிவக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இதுல இன்னைக்கு இருந்தது மஞ்சத்தண்ணி" என்றார். "மத்த நாளெல்லாம் இருந்தது சீக்காளி ரத்தத்துத் தண்ணி. நான் கழுவுன குப்பி, நான் போடச் சொன்ன மூடி. ஒழுகுனது எனக்குத் தெரியல. உங்க மருமக அதைத் தொட்டு எழுதுனா. அவ செஞ்சது அவ்வளவுதான்." தன் விரல்களை நீட்டிக் காட்டினார். இன்னும் சிவப்பு போகவில்லை. "சம்பந்தமில்லன்னு எழுதிக்குடுத்தவனும் நாந்தான். நாளைக்கு மாத்தி எழுதி, கீழ என் பேரைப் போட்டுக் குடுத்துருவேன்."

துணி வாளியிலேயே கிடந்தது.

அண்ணாச்சி படியில் உட்கார்ந்தார். கதவைப் பார்த்து, "தாயி, ஒரு தம்ளர் தண்ணி தா" என்றார்.

உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. செண்பகம் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். தண்ணீர் தளும்பியது. அண்ணாச்சி வாங்கி, வாய் வைத்து, ஒரு சொட்டு மீதியில்லாமல் குடித்தார்.

மாமியார் அந்த வெற்றுத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"ஏளா செம்பகம், எனக்கும் கொண்டா."